இஞ்சினுக்கும் மூச்சு உண்டு: கரிவாயு பஸ் முதல் சோழவரம் வரை

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்குச் சமயநல்லூர் வந்திருந்தான். இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். வந்த மறுநாளே என் பழைய காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாத்தா, இந்த ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிப் போட்டுட்டு, கூம்பு மாதிரி ஒரு பில்டர் வருது, அதை மாட்டுவோம். காத்து தாராளமா உள்ளே போகும். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான்.

எழுபது கடந்தவனுக்கு வண்டி எதற்குப் பிய்த்துக்கொண்டு போகவேண்டும்? ஆனாலும் அவன் சொன்ன 'காற்று' என்ற ஒரு சொல் என்னைப் பல வருஷங்கள் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. என் மாமனார் ஞாபகம் வந்தது. கூடவே, நினைக்க விரும்பாத ஒரு பைலும் ஞாபகம் வந்தது. அந்த இரண்டையும், இடையில் எனக்குத் தெரிந்த கொஞ்சம் சரித்திரத்தையும் சேர்த்து எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இஞ்சின் பெட்ரோலில் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது காற்றில்தான் ஓடுகிறது. பெட்ரோல் அதற்கு ஊறுகாய் மாதிரி. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். நாம் எல்லோரும் ஒரு காலத்தில் ஏறிய பியட் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இஞ்சின் 1089 சி.சி. நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடினால், கணக்குப்படி நிமிஷத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கவேண்டும். வழியில் இருக்கும் வளைவுகள், வால்வு இடுக்கு, கார்புரேட்டரின் குறுகிய தொண்டை, தூசி அடைத்த வடிகட்டி எல்லாம் 'கொஞ்சம் நில்' என்று சொல்வதால் அவ்வளவும் உள்ளே போவதில்லை. பெட்ரோலை அதிகம் ஊற்றுவது சுலபம். காற்றை அதிகம் புகுத்துவதுதான் கஷ்டம். மோட்டார் இஞ்சினின் சரித்திரத்தில் பாதி இந்த ஒரு கஷ்டத்தைப் பற்றியதுதான்.

இந்தப் பாடத்தை நம் மதுரைச் சீமை தலைகீழாகக் கற்றுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்த காலம் அது.

மதுரையில் மோட்டார் என்றாலே டி.வி.எஸ். என்பது என் தலைமுறைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் விட ஆரம்பித்தார். பிறகு சதர்ன் ரோட்வேஸ் என்று அந்த பஸ்கள் ஊர் ஊராக ஓடின. அந்த பஸ் போவதைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா எண்ணெய் நின்றது. இருந்த பெட்ரோல் ராணுவத்துக்கே போதவில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன், ரேஷன். பஸ்கள் ஷெட்டில் நின்றன. அப்போதுதான் மதுரையில் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கரிவாயு உலையைத் தயாரித்து வண்டிகளில் பொருத்தினார்கள். பெட்ரோல் இல்லாமல், அடுப்புக்கரியில் பஸ் ஓடியது.

நான் மதுரைக்காரன் அல்ல. பிறந்தது பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி மண்ணில். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது நான் சிறுபிள்ளை. கொடி மாறினாலும் பள்ளிக்கூடங்களில் சில பிரெஞ்சு மொழியிலேயே தொடர்ந்தன. அப்படி ஒன்றில்தான் நான் படித்தேன். எங்களுக்கு விஞ்ஞானம் நடத்திய பிரெஞ்சுக்கார ஆசிரியர், ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் இருந்த காலத்தில் அங்கே இளைஞராக இருந்தவர். 'கஸோழேன்' என்று ஒரு சொல்லை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காரின் பின்னால் அண்டா மாதிரி ஒரு உலை, அதில் விறகோ கரியோ போட்டு மூட்டி, வருகிற வாயுவில் காரை ஓட்டுவது. பாரிஸ் தெருக்களில் அப்படித்தான் கார்கள் போயின என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். காருக்கு அடுப்பு மூட்டுவார்களா?

இந்த வித்தை பழையது. பிலிப் லபோன் என்ற பிரெஞ்சு இஞ்சினியர் விறகிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரிக்க 1799-லேயே பேடண்ட் வாங்கினார். பாரிஸில் எத்தியேன் லெனுவார் 1860-ல் செய்த இஞ்சின் ஓடியதும் நிலக்கரி வாயுவில்தான். பெட்ரோல் பின்னால் வந்த விருந்தாளி. 1920-களில் ஜார்ஜ் எம்பேர் என்பவர் வண்டியில் தூக்கி வைக்கத் தக்க விறகு உலையைச் செம்மைப்படுத்தினார். யுத்தம் வந்ததும் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இந்த முறையில் ஓடின.

பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகம் கிடைத்து, மதுரைக்கு வந்து, சமயநல்லூரில் பெண் எடுத்தேன். என் மாமனார் பஸ் டிரைவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் பேச்சுவாக்கில், "யுத்த காலத்துல நான் கரிவண்டி ஓட்டுனவன் மாப்ள" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வகுப்பில் சிரித்த கஸோழேன், திண்டுக்கல் ரோட்டில் என் மாமனார் கையில் ஓடியிருக்கிறது!

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விடியற்காலை மூன்றரைக்கு ஷெட்டுக்குப் போகவேண்டும். பஸ்ஸின் பின்புறம் ஆள் உயர உலை. அதில் கருவேலங்கரியைச் சிறு துண்டுகளாக உடைத்துப் போடுவார்கள். மூட்டம் போட்ட கரி நன்றாக வெந்திருக்கவேண்டும். வேகாத கட்டை கலந்தால் தார் கசிந்து இஞ்சினையே ஒட்டிவிடும். கிளீனர் பையன் கைச்சக்கரம் வைத்த ஊதியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை எழுப்புவான். கால் மணி நேரம் ஆனபின் வாயு வருகிற குழாய் முனையில் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்கள். நீலமாக நின்று எரிந்தால் வாயு தேறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஊதி தேவையில்லை. இஞ்சினே தன் உறிஞ்சலால் உலைக்குள் காற்றை இழுத்துக்கொள்ளும்.

இங்கேதான் சங்கடம். பெட்ரோல் வண்டியில் காற்று ஒரு வடிகட்டியையும் கார்புரேட்டரையும் தாண்டினால் போதும். கரிவண்டியிலோ, காற்று எரிகிற கரிப்படுகைக்குள் புகுந்து, சாம்பலைத் தாண்டி, தூசி பிரிக்கும் சட்டியைச் சுற்றி, குளிரவைக்கும் குழாய்களில் ஓடி, தேங்காய் நாரோ துணியோ வைத்த வடிகட்டியில் நுழைந்து, கடைசியாக இஞ்சினுக்கு வரவேண்டும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குவதுபோல. போதாததற்கு அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். எரிவது கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும்தான். ஆகவே பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வாயுவின் ஏழ்மையாலேயே போய்விடும். வழித்தடை கூடக்கூட மிச்சமும் குறையும். சில வண்டிகளில் பாதிதான் தேறும்.

"கொடை ரோடு தாண்டி மேடு வந்தா, ஆம்பளைங்க எல்லாம் இறங்குங்கன்னு கண்டக்டர் சத்தம் போடுவார். இறங்கித் தள்ளுவாங்க. யாரும் கோவிச்சுக்கிட்டதில்லை. யுத்தமில்ல" என்பார் மாமா.

பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அந்த டிரைவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தவற்றைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். வாயு சூடாக வந்தால் வண்டி இழுக்காது என்று தெரிந்து, குளிர்குழாய்களின்மேல் ஈரச்சாக்கைக் கட்டினார்கள். சூடான வாயு விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அதே அளவு குடுவைக்குள் சரக்கு குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் மே மாத மதியம் நாற்பது டிகிரியில் இழுக்காத வண்டி, இரவு இருபத்தைந்து டிகிரியில் நன்றாக இழுக்கிறது. கரிவாயு மெதுவாக எரிவதால் இக்னிஷனை முன்னால் தள்ளி வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வடிகட்டியைத் தினமும் கழற்றித் தட்டினார்கள். 'வண்டி என்ன சொல்கிறது' என்று காதால் கேட்டார்கள். மாமா சொல்வார்: "வண்டிக்கும் நமக்கும் நோய் ஒண்ணுதான் மாப்ள. முதல்ல மூச்சு. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

ஆபத்தும் இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய ஷெட்டில் உலையை எரியவிட்டுப் பக்கத்தில் படுத்தால் எழுந்திருக்கமாட்டார்கள். தலைவலி வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு ஓடவேண்டும் என்பது கிளீனர் பையன்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமாம்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் உலைகள் கழற்றிப் போடப்பட்டன. 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது, அந்த உலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களே குறைந்துவிட்டார்கள்.

மூச்சுத் திணறிய வண்டிகளின் கதை இது. அதே யுத்தம் விட்டுப்போன இன்னொரு சொத்து, மூச்சைத் திறந்துவிட்ட வண்டிகளின் கதைக்கு மேடையானது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்துக்கு அப்பால், சோழவரத்தில் ராணுவம் போட்ட விமான ஓடுபாதை. யுத்தத்துக்குப் பின் அது சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்த ஆரம்பித்தது. வருஷா வருஷம் கூட்டம் அலைமோதும்.

எழுபதுகளில் ஒருமுறை அலுவலக வேலையாகச் சென்னைக்குப் போன நான், நண்பர் இழுத்துக்கொண்டு போனதால் சோழவரம் பார்த்தேன். வெயில், புழுதி, காதைப் பிளக்கும் சத்தம். ஆனால் நான் வாய்பிளந்து நின்றது, பந்தயக் கார்களைத் திறந்து வைத்திருந்த கொட்டகைப் பக்கம். ஓடியவற்றில் பல, நம் வீதியில் ஓடிய அதே பியட், அதே அம்பாசடர், சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்தான். ஆனால் உள்ளே வேறு. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. காற்று வடிகட்டி இருந்த இடத்தில் வாய் அகன்ற சின்னச் சின்னக் குழல்கள், நாகசுரத்தின் அணசு மாதிரி. இது அலங்காரமா என்று கேட்டேன். ஒரு மெக்கானிக் சிரித்துவிட்டு விளக்கினார். குழாயின் வாய் வெட்டினாற்போல் இருந்தால் காற்று விளிம்பில் இடறிச் சுழலும். வளைந்து அகன்றிருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அதோடு இஞ்சின் தலையில் காற்று போகும் துவாரங்களைக் குடைந்து, வால்வைக் கொஞ்சம் பெரிதாக்கி, இணையும் இடங்களில் உள்ள படிக்கட்டுகளை எல்லாம் அரைத்துச் சமமாக்கியிருந்தார்கள். புகைபோகும் குழாயையும் அதேபோல் திறந்துவிட்டிருந்தார்கள். மூச்சை வெளியே விட முடியாதவன் உள்ளே இழுக்கவும் முடியாதல்லவா?

"அப்போ வடிகட்டி இல்லாமல் தூசி போகாதா?" என்றேன். "போகும் சார். இந்த இஞ்சின் இந்த ஓட்டத்துக்குத்தான். திங்கட்கிழமை பிரிச்சு மறுபடி செய்வோம்" என்றார் அவர். இந்தப் பதிலை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பந்தயக்காரனுக்கு இஞ்சினின் ஆயுள் ஒரு நாள். நமக்கு இருபது வருஷம்.

இனி அந்த பைல்.

1981 என்று நினைவு. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பெட்ரோல் ஜீப் ஒன்று இருந்தது. வண்டி சம்பந்தப்பட்ட கடிதங்கள், லாக் புத்தகம், பெட்ரோல் பில் எல்லாம் என் மேஜை. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த ஜீப் படிப்படியாக இறங்கி ஏழரைக்கு வந்துவிட்டது. ஆறு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். 5,400 கிலோமீட்டருக்கு 600 லிட்டர் ஆகவேண்டிய இடத்தில் 720 லிட்டர். 120 லிட்டர் எங்கே போயிற்று? அந்தக் காலத்தில் இதற்கு எல்லோர் மனதிலும் ஒரே பதில்தான்: டிரைவர் விற்றுவிட்டார்.

நான் குறிப்பு எழுதினேன். பிரெஞ்சில் படித்தவன், இலக்கணம் சுத்தமாக இருக்கும். குறிப்பு கத்திபோல இருந்தது. டிரைவருக்கு மெமோ போயிற்று. சோழவந்தான் பக்கத்து மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "வண்டி மூச்சு விடச் சிரமப்படுகிறது, கறுப்புப் புகை வருகிறது, சர்வீஸ் செய்யவேண்டும் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று பதில் எழுதினார். விளக்கம் திருப்தியாக இல்லை என்று நான் குறிப்பு வைக்க, அதிகாரி கையெழுத்திட்டார். அறுநூற்றுச் சொச்சம் ரூபாய், மாதம் ஐம்பது வீதம் சம்பளத்தில் பிடித்தம். அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் மளிகைக் கடன். அதைவிடப் பெரிய பிடித்தம், அலுவலகத்தில் அவர் நடந்துபோனால் பின்னால் எழுந்த சிரிப்பு.

எட்டு ஒன்பது மாதம் கழித்து, முகாம் போய்விட்டுத் திரும்பும்போது அதிகாரி என்னைச் சமயநல்லூரில் இறக்கிவிட்டார். வாசலில் ஜீப் நின்றது. திண்ணையில் படுத்திருந்த மாமனார் தலையைத் தூக்கிக் கேட்டார்.

"என்ன மாப்ள, வண்டிக்கு இழுப்பு மாதிரி இருக்கு?"

ஆஸ்துமா இழுப்பைத்தான் சொன்னார். எழுந்து வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஜீப்பில் இருந்தது எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனர். உள்ளே வரும் காற்று எண்ணெயில் மோதித் தூசியை அதில் விட்டுவிட்டு, மேலே கம்பிவலை வழியாகப் போகும். நம்மூர்ப் புழுதிக்கு அது நல்ல ஏற்பாடுதான், எண்ணெயை மாற்றிக்கொண்டிருந்தால். மாமா தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். எண்ணெய் விழவில்லை. கேழ்வரகுக் களிபோல் ஒரு கட்டி விழுந்தது. வலையில் கைவைத்தால் சேறு. பிளக்குகளில் கரி.

அவர் விளக்கியபோதுதான் புரிந்தது. காலையில் குளிர்ந்த வண்டியைக் கிளப்ப சோக் இழுப்போம் அல்லவா? சோக் என்பது என்ன? காற்று வழியை மூடுவது. காற்றுக்கு வழி குறைந்தால் இஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் துளைமேல் விழும். பெட்ரோல் அதிகம் வரும். அடைத்துப்போன ஏர் கிளீனர், நாள் முழுதும் சோக் இழுத்து ஓட்டுவதற்குச் சமம். எரியாத பெட்ரோல் கறுப்புப் புகையாகப் போகும், இழுவை குறையும், டிரைவர் கீழ் கியரில் மிதிப்பார், இன்னும் பெட்ரோல். 120 லிட்டரும் போன இடம் அந்தப் புகைதான்.

மண்ணெண்ணெயில் வலையைக் கழுவி, தொட்டியில் குறியிட்ட அளவுக்குப் புது எண்ணெய் விட்டு மாட்டினோம். ("கோடு தாண்டி ஊத்தாதீங்க, அதுவும் மூச்சை அடைக்கும்.") பிளக்கைச் சுரண்டினோம். செலவு ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை. அடுத்த மாத லாக் புத்தகம்: ஒன்பது.

மறுநாள் அலுவலகத்தில், டிரைவர் முன்பே எழுதிக் கொடுத்ததாகச் சொன்ன சர்வீஸ் கோரிக்கையைத் தேடினேன். பல இடத்தில் தேடவேண்டியிருக்கவில்லை. என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், நிலுவைக் கட்டில், நான்கு மாதம் நான் கிளப்பாமல் வைத்திருந்து, பிறகு மறந்தேபோன தாள் அது. அவர் விளக்கம் எழுதியபோது அதைத் தேடிப்பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நான் இன்னொரு குறிப்பு எழுதினேன். என் தவறையும் எழுதினேன். கண்டனம் வந்தது, வாங்கிக்கொண்டேன். பிடித்த பணம் ஐந்து மாதம் கழித்துத் திரும்பியது. அவர் ரெவின்யூ ஸ்டாம்ப்மேல் கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். "அண்ணே, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். "பணம் வந்துருச்சு சார்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் ஓய்வுபெறும்வரை எனக்கு வணக்கம் சொல்லத் தவறியதில்லை. ஆனால் என்னோடு டீ குடிக்க வந்ததும் இல்லை.

சரித்திரத்தை முடித்துவிடுகிறேன். பந்தயங்கள் 1990-ல் சோழவரத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்குப் போயின. கோயம்புத்தூரில் கரிவரதன் என்ற அபூர்வ மனிதர் மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து கொடுத்து, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்டிப் பழக வழி செய்தார். 1995-ல் அவர் மறைந்தார். கோவையில் உள்ள பந்தயத் தளம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையிலிருந்து போன நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

அவர் அதற்கு முன் இங்கிலாந்தில் ஓட்டிய பார்முலா மூன்று கார்களில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே விதிப்படி, இஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 26 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே துவாரம் வழியாகத்தான் அன்று போகவேண்டியிருந்தது. நாம் புழங்கிய பழைய ஸ்டீல் ஒரு ரூபாய்க் காசின் அகலம் 25 மில்லிமீட்டர், ஏறக்குறைய அவ்வளவுதான். எந்த மேதாவி எப்படிக் குடைந்து அரைத்தாலும், அந்தக் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்குமேல் ஒரு துளியும் கூடுதலாகப் போகாது. யாருடைய சக்தியும் ஒரு வரம்பைத் தாண்டாமலிருக்க அதிகாரிகள் பிடித்த இடம் பெட்ரோல் அல்ல, மூச்சுக்குழாய். 1995-ல் ஸ்பெயினின் கத்தலோனியா ராலியில், டொயோட்டா அணியின் கார்களில் அந்தத் தடைவளையத்தைச் சுற்றிக் காற்று ரகசியமாக நுழைய மிக நுட்பமான ஒரு ஏற்பாடு இருந்தது பிடிபட்டது. அணிக்குப் பன்னிரண்டு மாதம் தடை. காற்றைத் திருடிய குற்றத்துக்குத் தண்டனை!

காற்றை உறிஞ்சவிடாமல் திணிப்பது இன்னொரு வழி. ஆல்பிரட் பூஷி என்ற சுவிஸ் இஞ்சினியர் 1905-ல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். வெளியேறும் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக்கொண்டு காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. டர்போ என்று இன்று ஒவ்வொரு டீசல் காரின் பின்னாலும் எழுதியிருப்பது அதுதான். எங்கள் சமயநல்லூரில் 2001-ல் வந்த 106 மெகாவாட் மின்நிலையத்திலும் பெரிய டீசல் இஞ்சின்கள்தான் மின்சாரம் எடுத்தன. வீடு வீடாக நிற்கும் அந்த இஞ்சின்களுக்கும் டர்போதான் மூச்சு. ஈரச்சாக்கு கட்டி வாயுவைக் குளிரவைத்த என் மாமனார் இருந்திருந்தால், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைத்து இஞ்சினுக்கு அனுப்பும் இன்டர்கூலரைப் பார்த்து, "இது நம்ம சாக்குதானே மாப்ள" என்றிருப்பார்.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். இன்றைய வண்டியில் கார்புரேட்டர் இல்லை. வரும் காற்றைக் கம்ப்யூட்டர் அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத்தான் விடும் என்றான். சரிதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் சோதித்ததும் அதைத்தான் சொல்கிறது: இன்றைய வண்டியில் வடிகட்டி அடைத்தால் மைலேஜ் பெரிதாகக் குறைவதில்லை, முழு மிதி மிதிக்கும்போது வேகம் எடுப்பதுதான் குறைகிறது. ஆகவே சுத்தமான வடிகட்டி உள்ள வண்டியில் அதையும் எடுத்துவிடுவதால் கிடைப்பது மிகச் சொற்பம். அதுவும் நீ சொல்கிற கூம்பு, பானெட்டுக்கு உள்ளே, ரேடியேட்டர் சூட்டில் உட்கார்ந்து வெந்த காற்றைக் குடிக்கும். கம்பெனிக்காரன் வைத்த பெட்டியோ முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. மதுரைப் புழுதியில் இருப்பது மணல். அது சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. சக்தி வேண்டுமென்றால், பெட்டியைத் திற, காகித வடிகட்டியைப் பார், அழுக்காக இருந்தால் புதிது மாற்று, குழாயில் வெடிப்பு இருக்கிறதா பார். அவ்வளவு போதும்.

பெட்டியைத் திறந்தான். வடிகட்டி சாம்பல் நிறத்தில், மடிப்பெல்லாம் மண்ணும் ஒரு காய்ந்த வேப்பிலையுமாக இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினேன் என்று கேட்டான். எனக்கு ஞாபகமில்லை.

அன்று மாலையே பரவை வரை போய்ப் புதிது வாங்கி மாட்டினோம். திரும்பும்போது வண்டி நன்றாகவே இழுத்தது. அவன் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த டிரைவர் அண்ணனை நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது இரண்டே வரி. படித்திருக்கலாம்.